ஒலிவ மரங்களுக்கிடையே ஒரு வீட்டுத்திட்டம்: வாசிகசாலையில் அடுத்து எந்தக் காதற்படம்?

பாலைப்பழம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கிராமத்து வாசிகசாலையில் மாதம் ஒரு படம் என்று திரையிடத் தொடங்கி ஐந்து மாதங்களாகின்றன. மாதர் சங்கத்து அம்மாமார், தோட்டக்காரர், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் என்று நாற்பது பேரளவில் பாயோடு வருகிறார்கள். சண்டையும் சாவும் வேண்டாம், காதற்படமாகப் போடுங்கள் என்று அவர்களே கேட்டதால், சென்ற மாதம் ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரொஸ்தாமி 1994இல் எடுத்த ‘ஒலிவ மரங்களினூடாக’ படத்தைப் போட்டோம். சப்டைட்டில் ஆங்கிலத்தில் இருந்ததாலும், முன்வரிசையில் இருந்தவர்களிற் பலருக்கு அதை வாசிக்க இயலாததாலும், நான் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒலிவாங்கியில் உடனுக்குடன் தமிழிற் சொன்னேன். ஜப்பானில் மௌனப்படக் காலத்தில் இதே வேலையைச் செய்தவர்களைப் பென்ஷி என்று அழைத்தார்கள். அவர்களுக்குச் சம்பளமும் இரசிகர்களும் இருந்தார்கள், எனக்கு இடைவேளையில் ஒரு பிளேன்ரீ கிடைத்தது.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1990 யூன் மாதம் ஈரானின் வடக்கே ஏற்பட்ட நிலநடுக்கத்தில் பல்லாயிரக்கணக்கானோர் இறந்துபோனார்கள். இடிந்து கிடக்கும் அந்த ஊருக்கு ஒரு படப்பிடிப்புக் குழு வருகிறது. எழுத வாசிக்கத் தெரியாத ஹொசைன் என்ற மேசன் பொடியனும், தாஹிரே என்ற படித்த பெண்ணும் அங்கே எடுக்கப்படும் படத்தில் புதுமணத் தம்பதியாக நடிக்க வேண்டும். உண்மையிலோ அவன் அவளை ஏற்கெனவே பெண் கேட்டு, சொந்த வீடில்லை என்பதால் மறுக்கப்பட்டவன். பெண்ணின் தாய் தகப்பன் நிலநடுக்கத்தில் இறந்தபின் அவளுடைய அம்மம்மாவும் அதையே சொல்கிறார்.

எங்கள் மண்டபம் குலுங்கிச் சிரித்த இடத்தைச் சொல்ல வேண்டும். வீடுள்ளவர் வீடில்லாதவரையும், படித்தவர் படியாதவரையும் மணந்தால்தான் உலகம் சீராகும் என்று ஹொசைன் இயக்குநரிடம் வாதாடுகிறான். வீடுள்ள இருவர் தங்களுக்குள் மணந்தால் இரண்டு வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள், தலையை ஒரு வீட்டிலும் காலை மற்ற வீட்டிலும் வைத்தா படுப்பார்கள் என்பது அவனுடைய கேள்வி. அதைக் கேட்ட முன்வரிசை அம்மா ஒருவர், “அந்தப் பொடியனுக்கு ஒரு வீட்டுத்திட்டம் குடுத்திருந்தால் படமே இல்லை” என்றார். அதன்பின் ஐந்து நிமிடத்துக்கு என் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

இணையத்தில் இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கவிதை, தத்துவம், நிதானம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். போருக்குப் பின் வந்த வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாயைத் தவணை தவணையாகப் பெற்று, அத்திவாரத்துக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று என்று காத்திருந்து வீடு கட்டிய எங்கள் சனத்துக்கு அது ஒரு நகைச்சுவைப் படம். வீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப அட்டை வேண்டுமென்று கல்யாணப் பதிவை முற்படுத்தியவர்களையும், வீடு முடியவில்லை என்று கல்யாணத்தைப் பிற்போட்டவர்களையும் அவர்கள் அறிவார்கள். காதற்படம் ஒன்றைக் கண்ணீர்ப்படமா சிரிப்புப்படமா என்று தீர்மானிப்பது எடுத்தவரா, பார்க்கிறவரா? அடுத்த மாதத்துக்கு எதைப் போடலாம்?

குளக்கட்டு

நான் அன்று வந்திருந்தேன், அண்ணை. உண்மையைச் சொன்னால் பாதியில் எழுந்து போகத்தான் நினைத்தேன். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள், அதையே நாங்களும் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். என்னைப்போன்ற இளைஞர்களுக்காக 2001இல் வந்த ‘மை சாஸி கேர்ள்’ என்ற கொரியப் படத்தைப் போடுங்கள். அல்லது 1995இல் வந்த ‘பிஃபோர் சன்ரைஸ்’ இருக்கிறது. ரயிலிற் சந்தித்த இருவர் வியன்னா நகரத்தில் ஓரிரவு முழுவதும் கதைத்துக்கொண்டே நடக்கிறார்கள். ஆனால் அதைத் தமிழிற் சொல்வதென்றால் உங்களுக்குத் தொண்டை கட்டிவிடும்.

மாங்குளச்சந்தி

பாலைப்பழம் தம்பியின் கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். காதற்கதைக்கு இரண்டு பேர் போதாது, மூன்றாவதாக ஒரு தடை வேண்டும். அந்தத் தடையைப் பார்க்கிறவர் நம்பினால் அழுகை வரும். நம்புவதோடு அதைத் தன் வீட்டிலும் கண்டிருந்தால் சிரிப்பு வரும். நம்பாவிட்டால் இரண்டும் வராது. பெற்றோர் சம்மதிக்கவில்லை என்று மூன்று மணித்தியாலம் ஓடும் படங்களில் எங்களுக்குக் கொட்டாவி வருவது அதனால்தான்.

பழைய அமெரிக்கப் படமொன்றை உதாரணமாகச் சொல்கிறேன். 1934இல் பிராங் கப்ரா எடுத்த ‘இற் ஹப்பன்ட் வன் நைற்’, சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்ற ஐந்து ஒஸ்கார் விருதுகளையும் ஒருங்கே பெற்ற முதற்படம். வீட்டை விட்டோடிய பணக்காரப் பெண்ணும், வேலையிழந்த பத்திரிகை நிருபரும், கையிற் காசு குறைந்ததால் வழியோர விடுதியொன்றில் ஒரே அறையில் தங்க நேர்கிறது. அவன் இரண்டு கட்டிலுக்கும் நடுவே கயிறு கட்டி, ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, அதற்கு எரிகோவின் மதில் என்று பெயர் வைக்கிறான். எக்காளம் ஊதியபோது எரிகோவின் மதில் விழுந்த கதையை வேதாகமம் படித்தவர்கள் அறிவார்கள். அவன் கையிலோ எக்காளம் இல்லை. முழுப் படமும் அந்தப் போர்வையின் இரண்டு பக்கத்திலும் நடக்கிறது. கடைசியிற் கல்யாணம் முடிந்தபின், விளையாட்டு எக்காளமொன்றின் சத்தம் கேட்கிறது, போர்வை விழுகிறது, படம் முடிகிறது. இருவரையும் அந்த இடத்தில் நாங்கள் காண்பதேயில்லை.

இதை எழுதும்போது எனக்கு 2009ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. முகாமில் ஒரே தறப்பாளின் கீழ் இரண்டு குடும்பங்கள் இருந்தோம், நடுவே என் மனைவியின் சேலையொன்று தொங்கியது. அடுத்த பக்கத்தில் இருந்த புதுத்தம்பதி கதைக்க வேண்டுமென்றால் தண்ணீர் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, வாளியோடு வரிசையில் நின்று கதைப்பார்கள். வரிசை நீளமாக இருந்த நாட்களில் அவர்களுக்குக் கோபம் வந்ததில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு அந்தப் போர்வைப் பகிடியை யாரும் விளக்கவேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஹொலிவூட்டில் எதைக் காட்டலாம் எதைக் காட்டக்கூடாது என்ற ஒழுக்க விதிகள் 1930இல் எழுதப்பட்டு, 1934இன் நடுப்பகுதியிலிருந்து இறுக்கமாக நடைமுறைக்கு வந்தன. ஈரானில் 1979இன் பின் ஆணும் பெண்ணும் திரையிலே தொடவே முடியாது என்ற கட்டுப்பாடு வந்தது. எங்களுடைய படங்களில் அதே இடத்திற் பூவும் பூவும் முட்டின. கெட்டிக்காரர்கள் தடையையே கதையாக்கினார்கள், மற்றவர்கள் தோட்டத்துக்குக் கமராவைத் திருப்பினார்கள்.

அடுத்த மாதத்துக்கு என் தெரிவு, பிரான்சின் ஜாக் டெமி எடுத்து 1964இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதைப் பெற்ற ‘ஷெர்பூர்க்கின் குடைகள்’. வசனம் முழுவதும் பாட்டாகவே வரும். குடைக்கடைக்காரியின் மகளும் கராஜில் வேலை செய்யும் பொடியனும் காதலிக்கிறார்கள், அவனை அல்ஜீரியப் போருக்கு அனுப்பிவிடுகிறார்கள், கடிதம் குறைகிறது, வயிற்றிற் பிள்ளையோடு அவள் வேறொருவரை மணக்கிறாள்.

முல்லைக்கரை

மாங்குளத்து ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இந்தத் தெரிவை மறுக்கிறேன். நான் அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தவள், அதன் அழகைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கடைசிக் காட்சியில், பனி கொட்டும் இரவொன்றில், அவள் காரிலே மகளோடு ஒரு பெற்றோல் நிலையத்துக்கு வருகிறாள், அது அவனுடையது. பிள்ளையைப் பார்க்கிறாயா என்று கேட்கிறாள், அவன் வேண்டாமென்று தலையசைக்கிறான். அந்தப் படத்தில் அவன் உயிரோடு திரும்பி வந்ததுதான் துயரம்.

உங்கள் மண்டபத்துக்கு வரும் பெண்களில், போரில் காணாமற்போன கணவருக்காக இன்னும் காத்திருப்பவர்கள் இருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கடிதம் வரவில்லை என்று வேறு கல்யாணம் செய்தவளை அவர்கள் நடுவே திரையிற் காட்டிவிட்டு, அது பாட்டாகவும் வருகிறது என்றால், யாருக்காக அந்தப் படம்? மறுமணம் செய்தவர்களும் அதே பாயில் இருப்பார்கள். படம் முடிந்தபின் இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பார்கள்? தடையைத் தன் வீட்டிற் கண்டவருக்குச் சிரிப்பு வரும் என்று ஐயா எழுதியது வீட்டுக்கும் போர்வைக்கும் பொருந்தும், எல்லாத் தடைக்கும் பொருந்தாது.

அதற்குப் பதிலாக, 1998இல் ஹுர் ஜின்-ஹோ எடுத்த ‘ஓகஸ்ற்றில் நத்தார்’ என்ற கொரியப் படத்தைப் பாருங்கள். சிறிய பட்டினமொன்றில் ஸ்ரூடியோ வைத்திருக்கும், நோயினால் அதிக நாள் வாழப்போவதில்லை என்று அறிந்த ஒருவரும், வாகனத் தரிப்பிடக் குற்றங்களைப் பதிவுசெய்யும் இளம்பெண்ணும் பழகுகிறார்கள். யாரும் காதலைச் சொல்வதில்லை. குடும்பத்தோடு வந்து படமெடுத்துப் போன ஒரு மூதாட்டி, அன்று மாலையே நல்ல உடுப்பு உடுத்துத் தனியாகத் திரும்பி வந்து, தன் செத்தவீட்டில் வைப்பதற்கான படம் என்பதால் இன்னொரு தடவை வடிவாக எடுத்துத் தரும்படி கேட்கிறார். தான் போனபின் தகப்பனுக்கு வீடியோவை இயக்கத் தெரியாதே என்று மகன் சொல்லிக் கொடுக்கிறான், பொறுமையிழக்கிறான், பிறகு தாளில் ஒவ்வொரு படியாக எழுதி வைக்கிறான்.

நான் ஸ்ரூடியோ ஒன்றில் ஆறு வருடம் வேலை செய்தேன். இடப்பெயர்வில் அல்பங்களெல்லாம் போய்விட, எங்களிடம் வந்ததெல்லாம் அடையாள அட்டைப் படங்கள். தபால்முத்திரை அளவு படத்தைப் பெரிதாக்கி, மங்கிய கண்ணுக்குக் கறுப்பை ஏற்றி, கிழிந்த கழுத்துப்பட்டைக்குப் புதுச் சேட்டு மாட்டி, பின்னால் நீலம் போட்டுக் கொடுப்போம். ஒரு தடவை வயதான அம்மா ஒருவர், தன் கணவருக்குக் கோட் போட்டுவிடும்படி கேட்டார். அவர் வாழ்நாளிற் கோட் போட்டதில்லை, கல்யாணத்துக்கும் வேட்டிதான் என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார். ஐம்பது வருடம் கழித்துக் கணவனை அலங்கரித்துப் பார்க்கும் அந்தச் சிரிப்பைக் காதற்படம் எடுப்பவர்கள் இலேசிற் பிடித்துவிட முடியாது. இந்தக் கொரியர் பிடித்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

நெடுங்கேணியாள்

அடுத்த படத்துக்குப் போகுமுன், போட்ட படத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம். இதுவரை எழுதிய எல்லோரும் ஹொசைனைப் பற்றியே எழுதுகிறீர்கள். தாஹிரேயைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல இல்லை.

அவள் படத்தில் அவனோடு ஒரு சொல் பேசுவதில்லை, நடிப்புக்காகச் சொல்ல வேண்டிய வசனத்தைத் தவிர. அந்த வசனத்திலும் தான் ஏற்காததை அவள் சொல்ல மறுக்கிறாள். கணவனை மரியாதைச் சொல் சேர்த்து அழைக்கும்படி இயக்குநர் கேட்கிறார்; இந்தக் காலத்துப் பெண்கள் அப்படி அழைப்பதில்லை என்பதால் அவள் வெறும் பெயரையே சொல்கிறாள்; எத்தனை தடவை எடுத்தாலும் அப்படியே. எங்கள் அம்மம்மா தாத்தாவை ஒருநாளும் பெயர் சொல்லி அழைக்காமல் ‘இஞ்சாருங்கோ’ என்றே எழுபது வயது வரை ஓட்டியவர். நான் என் கணவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். அதற்காக எங்கள் வீட்டில் நடந்த வழக்கு தனிக்கதை. ஆகவே அந்தக் காட்சியிலே எனக்குச் சிரிப்பும் வந்தது, கைதட்டவும் தோன்றியது.

ஆனால் படப்பிடிப்புக்கு இடையே அவன் ஓயாமல் கெஞ்சுகிறான். அவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, சம்மதமென்றால் ஒரு பக்கத்தைத் திருப்பு என்கிறான். முடிவில் ஒலிவத் தோப்பினூடாக அவள் போகப் போக, அவன் பின்னாலேயே போகிறான். இதே காட்சியைத் தமிழ்ப்படத்திற் பார்த்தால், பெண்ணின் பின்னால் திரிந்து தொல்லை கொடுக்கிறான் என்று நாங்களே எழுதுவோம். ஈரானிலிருந்து வந்தால் மட்டும் அது கவிதையா? பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வீடு திரும்பும்போது வாய்க்கால் கட்டு நீளத்துக்கும் பின்தொடரப்பட்ட பிள்ளைகள் உங்கள் மண்டபத்தில் இருந்திருப்பார்கள். பதில் சொல்லாமல் விறுவிறென்று மிதித்த அந்தப் பிள்ளைகளுடைய மௌனத்தை யாரும் சம்மதமென்று எழுதக்கூடாது.

குளக்கட்டு

அக்கா சொல்வது சரி. ஆனாலும் அந்தப் படம் அவனை வில்லனாகவும் காட்டவில்லை, கதாநாயகனாகவும் காட்டவில்லை. முதலில் அந்த வேடத்துக்கு வந்த பொடியனுக்குப் பெண்களைக் கண்டால் வாய் திக்குகிறது, அதனாற்தான் ஹொசைனையே கூப்பிடுகிறார்கள். ஒருவனுக்குப் பேச்சு வராது, மற்றவனுக்குப் பேச்சை நிறுத்த வராது. அந்த இடத்தில் மட்டும் நான் சிரித்தேன் என்று ஒத்துக்கொள்கிறேன்.

மாங்குளச்சந்தி

முல்லைக்கரை மகளுக்கு: நீங்கள் எழுதியதை வாசித்தபின் என் தெரிவை மீளப் பெறுகிறேன். அதை வீட்டில் தனியே பார்த்துக்கொள்வேன்.

வேறொன்றைச் சொல்ல அனுமதி உண்டென்றால், 1945இல் டேவிட் லீன் எடுத்த ‘பிறீஃப் என்கவுன்ரர்’. புகையிரத நிலையத் தேநீர்ச்சாலையிற் சந்திக்கும் இருவர், இருவருக்கும் வேறு வேறு குடும்பம். கடைசியாகப் பிரியும் சில நிமிடங்களில், ஓயாமல் கதைக்கும் அறிமுகக்காரி ஒருத்தி வந்து அதே மேசையில் அமர்ந்துவிடுகிறாள். அவன் அவளுடைய தோளில் ஒரு கணம் கையை வைத்து அழுத்திவிட்டுப் போய்விடுகிறான், அவ்வளவுதான் விடைபெறல். தண்டவாளமே இல்லாத நிலையத்தைப் பல வருடம் பார்த்து, 2013 செப்ரெம்பரில் ரயில் மீண்டும் கிளிநொச்சி வரை போனபோது மாங்குளத்தில் நின்று கைகாட்டியவன் நான். ரயில் நிலையம் வருகிற படமென்றால் எனக்குத் தராசு ஒரு பக்கம் சாயும். எனவே என் சொல்லை அதிகம் எடுக்க வேண்டாம்.

பாலைப்பழம்

நெடுங்கேணி ரீச்சரின் பதிவை மூன்று தடவை வாசித்தேன். அதற்குப் பின் அன்றைய திரையிடலைத் தொலைபேசியிற் பதிவுசெய்திருந்த பிள்ளையிடம் அதை வாங்கி, என் குரலை நானே கேட்டேன். கேட்டபோது கூச்சமாக இருந்தது.

ஹொசைன் கெஞ்சும் இடமெல்லாம் நான் குரலை இளக்கியிருக்கிறேன். அது போகட்டும். தாஹிரே பேசாத இடங்களில், சப்டைட்டில் எதுவுமே இல்லாத இடங்களில், ‘அவள் யோசிக்கிறாள்’, ‘மனசு கொஞ்சம் இரங்குது’ என்று நானாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். மண்டபம் அமைதியாக இருந்ததால், ஏதாவது சொல்லாவிட்டால் படம் நின்றுவிட்டதென்று நினைப்பார்கள் என்ற பதற்றம் எனக்கு. கடைசிக் காட்சி சுமார் நான்கு நிமிடம். கமரா குன்றின் மேலேயே நிற்கிறது, தூரத்து வயல்வெளியில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் போகின்றன, ஒன்று மற்றதை நெருங்குகிறது, பிறகு அந்தப் புள்ளி திரும்பி ஓடி வருகிறது. அவள் என்ன சொன்னாள் என்று இயக்குநர் சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன். “ஓம் எண்டிட்டாள்” என்று என் குரல் பதிவில் இருக்கிறது, அதைத் தொடர்ந்து எங்கள் சனத்தின் கைதட்டும் இருக்கிறது.

‘ஓகஸ்ற்றில் நத்தார்’ அதற்கடுத்த மாதம் வரட்டும். இந்தத் தடவை அதே படத்தின் கடைசி அரைமணித்தியாலத்தை மட்டும், மாதர் சங்கக் கூட்டம் முடிந்தவுடன் மீண்டும் போடுகிறேன்.

நெடுங்கேணியாள்

நன்றி. நானும் வருகிறேன், பஸ் நேரத்தை மட்டும் முற்கூட்டி அறியத் தாருங்கள்.

பாலைப்பழம்

நேற்று மாலை போட்டோம். இருபது பேருக்குக் குறைவு. ஒலிவாங்கியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ஹொசைன் பேசிய வசனத்தை மட்டும் வெறும் குரலிற் சொன்னேன். ஒலிவத் தோப்பில் அவர்கள் இறங்கியதும் நானும் பாயில் இருந்துவிட்டேன். மின்விசிறிச் சத்தமும், படத்திலிருந்து வந்த காற்றின் சத்தமும் கலந்து கேட்டன. போன தடவை கைதட்டிய அம்மாக்கள் இந்தத் தடவை கழுத்தை நீட்டி, புள்ளிகளைத் தவறவிடாமல் பார்த்தார்கள். வெள்ளைப் புள்ளி திரும்பி ஓடத் தொடங்கியபோது, வீட்டுத்திட்டம் என்று அன்று சொன்ன அதே அம்மா என் பக்கம் திரும்பி, “என்னவாம் தம்பி, என்ன சொன்னவளாம்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியாதென்று சொன்னேன். “போன முறை தெரிஞ்சுதே” என்றார். ரீச்சர் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.